ஐந்து சென்ட் வெள்ளிக்காசு: வாங்கும் முன் லென்ஸும் தராசும்

நெதர்லாந்தில் மூன்றாம் வில்லெம் மன்னர் காலத்தில் (1849–1890) வந்த 5 சென்ட் வெள்ளிக்காசின் விட்டம் 12.5 மில்லிமீட்டர், எடை 0.685 கிராம். வெள்ளி 64 சதவீதம், மீதி செம்பு. அரை கிராம் வெள்ளிகூடத் தேறாத காசு இது. விலை நிற்பது ஆண்டின் மேலும் தேய்மானத்தின் மேலும்தான். தில்லுமுல்லும் அங்கேதான் நடக்கும்.

முதலில் ஆண்டையும் அக்கசாலைத் (காசு அடிக்கும் சாலை) தலைவரின் குறியையும் 10 மடங்கு லென்ஸில் ஒத்துப் பாருங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர அக்கசாலையின் குறி, பாம்புகள் சுற்றிய கோல். அதோடு தலைவருக்கென்று தனிக்குறி ஒன்றும் உண்டு: 1850, 60களில் வாள், 1875 முதல் கோடரி, 1888 முதல் ஈட்டிக்கோடரி. 1868 என்று ஆண்டு போட்ட காசில் கோடரி தெரிந்தால், எண்ணில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். முதலாம் வில்லெம் காலத்து 5 சென்ட்டில் மன்னர் முகமே கிடையாது. கிரீடத்தின் கீழ் டபிள்யூ எழுத்து மட்டும். அதன் எடையும் வேறு, 0.846 கிராம்.

தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கென்று (இன்றைய இந்தோனேசியா) 1854, 1855இல் அடித்த 1/20 கில்டர் காசு (ஒரு கில்டர் 100 சென்ட்) 0.61 கிராம். 0.1 கிராம் தராசில், தேய்ந்துபோன 5 சென்ட்டும் இதுவும் ஒரே எடைதான் காட்டும். அந்தக் காசில் அரபு எழுத்தில் மலாயும் கூடவே ஜாவா எழுத்தும் இருக்கும். எழுத்து மங்கிவிட்டால் எடைதான் துணை.

நீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்ப்பது இந்தச் சிறுகாசில் வீண்வேலை. கன அளவே 0.07 மில்லிலிட்டர்; தராசு 0.01 கிராம் பிசகினாலே கணக்கு 14 சதவீதம் தவறிவிடும். பித்தளையும் வெள்ளியாகித் தேறிவிடும்!

இத்தகைய காசுகளைப் பொத்தானாகவும் ஊசிப்பதக்கமாகவும் மாற்றுவது அந்தக் காலத்து வழக்கம். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: ஓரிடத்தில் மட்டும் வரிகள் அழிந்திருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ வளையம் பற்றவைத்த தடம் அது. ஒரு பக்கம் மட்டும் அளவுக்குமேல் வழவழத்தாலும் சந்தேகப்படுங்கள்.

வெள்ளி பாலிஷ் வேண்டவே வேண்டாம். மேற்பரப்பு அரிபட்டுவிட்டால், போன பளபளப்பு திரும்பாது. பிவிசி உறையில் கிடந்து பச்சைப் பிசின் பிடித்திருந்தால் சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், அடுப்புக்குத் தள்ளி ஊறவையுங்கள். நகப்பூச்சு நீக்கி ஆகாது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள்.

பிறகு மைலார் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) சாளரமுள்ள அட்டையில் வையுங்கள். அட்டையைத் திறக்கும்போது ஸ்டேப்ளர் பின்களை முதலில் கழற்றுங்கள். அப்படியே பிய்த்தால் இவ்வளவு மெல்லிய காசு வளைந்துவிடும், ஸ்டேப்ளர் பின்னின் முனையும் மன்னர் கன்னத்தில் கீறும்.