விரல் மூட்டில் தெரிந்த கறுப்பு: பி12, ஃபோலிக் ஆசிட், மனநோய்

ஐம்பத்தாறு வயது அம்மா ஒருவரை மகன் அழைத்து வந்திருந்தார். (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) மருமகள் சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று நான்கு மாதமாக அவருக்குச் சந்தேகம். தனி அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை. சாவியை எங்கேயோ வைத்துவிட்டு அதற்கும் மருமகளைத்தான் திட்டுகிறார். ஊரில் மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. வயதான பிறகு வரும் சந்தேக நோய் என்று நினைத்து நானும் மாத்திரை எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் தூக்கம் வந்தது, சந்தேகம் போகவில்லை.

அடுத்த முறை அவர் காத்திருக்கும் இடத்திலிருந்து என் அறைக்கு வரும் வழியில் வலது கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, ஒற்றைச் செருப்போடு வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் கையை வாங்கிப் பார்த்தேன். விரல் மூட்டுகளின் மேல் மட்டும் கரியைத் தேய்த்ததுபோல் கறுத்திருந்தது. உள்ளங்கை ரேகைகளிலும் அதே கறுப்பு.

"முகம் கழுவும்போது கண்ணை மூடினா தள்ளுதாம்மா?"

"ஆமா டாக்டர், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் கழுவுறேன். இதையெல்லாம் போய் மனசு டாக்டர்கிட்ட சொல்வாங்களான்னு விட்டுட்டேன்."

அதிர வைத்த இசைக்கவையைக் கால் கட்டைவிரலிலும் கணுக்காலிலும் வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை என்றார். முழங்காலில் வைத்த பிறகுதான் "ஆங், இப்ப தெரியுது" என்றார். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு 94. பொதுவாக 200-க்குக் கீழே போனாலே குறைபாடு. ஹீமோகுளோபின் மட்டும் 12.1, அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறோம். பி12 குறைந்தால் ரத்தசோகை வரும், ரத்தம் நன்றாக இருந்தால் பி12-உம் நன்றாக இருக்கும் என்று ஒரு கணக்கு நம் மனதில் ஓடுகிறது. 1988-லேயே ஜான் லிண்டன்பாமும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கை உடைத்துவிட்டது. பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரில் 40 பேருக்கு ரத்தசோகையும் இல்லை, சிவப்பணுக்கள் அளவில் பெரிதாகவும் இல்லை. அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல்.

இந்த அம்மாவின் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. அசதிக்காக இரண்டு வருடமாக மெடிக்கல் ஷாப்பில் 'ரத்த மாத்திரை' வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். அதில் இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் இருந்தன, பி12 இல்லை.

ஃபோலிக் ஆசிடும் பி12-உம் சேர்ந்து வேலை செய்பவை. நரம்பின் மேலுறைக்கும், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருட்களுக்கும் மெத்தில் என்ற ஒரு சின்னத் துணுக்கு தேவை. அதைச் சுமந்து வருவது ஃபோலேட், அதாவது உணவிலும் உடம்பிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கும் வடிவம். கையில் வாங்கி அடுத்த இடத்தில் சேர்ப்பது பி12. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் சுமந்து வந்த ஃபோலேட் அப்படியே தேங்கிவிடும், ரத்த அணுக்கள் உருவாவதும் தடுமாறும். அப்போது வெளியிலிருந்து ஃபோலிக் ஆசிடைக் கொட்டினால் ரத்த உற்பத்தி வேறு வழியில் ஓடத் தொடங்கிவிடும், சோகை மறைந்துவிடும். நரம்புக்கு அப்படி மாற்று வழி கிடையாது. ரத்தப் பரிசோதனைத் தாள் அழகாக இருக்க, தண்டுவடம் உள்ளுக்குள் நைந்துகொண்டே போகும். அதனால்தான் பி12 எவ்வளவு என்று பார்க்காமல் ஃபோலிக் ஆசிடை மட்டும் மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள் என்று சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதைக் கட்டாயம் சாப்பிட வேண்டும்.

விரல் மூட்டுக் கறுப்பு நம் ஊர் மருத்துவம் உலகத்துக்குக் காட்டிய அடையாளங்களில் ஒன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1963-ல் இதை எழுதினார்கள். அதற்கு முந்தைய வருடம் அதே வேலூரிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. தாய்ப்பாலில் மட்டுமே வளர்ந்த குழந்தைகள், தாய்க்கே பி12 இல்லாததால் மந்தமாகி, கற்றதை மறந்து, கைகால் தானாக அசைய, தோல் கறுத்துப்போய் வந்ததை அது விவரித்தது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை முகம் பார்ப்பதை நிறுத்தினால், உட்கார்ந்த பிள்ளை மறுபடி படுத்துவிட்டால், தாய்க்கும் சேர்த்து பி12 பாருங்கள். இன்றைக்கும் இது தவறவிடப்படுகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஃபோலேட்டின் கதையும் நம் பக்கம் வந்து போயிருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, மில் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அதைத் தீர்த்தது. அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதி குன்னூரிலும் சென்னையிலும் நடந்தது. சாற்றில் இருந்த பொருளுக்குப் பிறகுதான் பெயர் வந்தது. பசலைக்கீரை வகையிலிருந்து 1941-ல் பிரித்தபோது, இலையைக் குறிக்கும் ஃபோலியம் என்ற லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் ஆசிட் என்றார்கள்.

அது குறைந்தால் மனதுக்கு என்ன ஆகும் என்பதை விக்டர் ஹெர்பர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் தன் உடம்பிலேயே சோதித்தார். உணவை மூன்று முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிட்டார். நான்காவது மாதத்தில் தூக்கம் கெட்டது, மறதி வந்தது, அப்புறம் எரிச்சல். ஃபோலிக் ஆசிட் சாப்பிட ஆரம்பித்த இரண்டு நாளில் அவை விலகின. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடும் வீடுகளில் இதைச் சொல்லிவருகிறேன்.

ஆனால் கீரையில் பி12 கிடையாது. "தினமும் கீரை சாப்பிடுறேனே" என்று கேட்காதவர்கள் இல்லை. இட்லி மாவு புளிப்பதாலும் நம்பும்படியாக அது கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான் இருக்கிறது. கல்லீரல் சேர்த்து வைத்திருப்பதால் சாப்பாட்டை மாற்றிப் பல வருடம் கழித்துத்தான் குறை தெரியும். இந்த அம்மா ஒரு வேண்டுதலுக்காகக் கறி மீனை விட்டுப் பன்னிரண்டு வருடம், சளி பிடிக்கிறது என்று பாலையும் விட்டு ஐந்து வருடம். கூடவே சர்க்கரைக்கு எட்டு வருடமாக மெட்ஃபார்மின், அதுவும் பி12-ஐக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் சாப்பிடும் பான்டபிரசோல் போன்றவையும் அப்படித்தான்.

வலிப்புக்கான ஃபெனிடாயின் ஃபோலேட்டைக் குறைக்கும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் பிள்ளை பெற நினைத்தால், கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். குழந்தையின் தண்டுவடக் குழாய் கருத்தரித்த முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடுகிறது, கர்ப்பம் என்று பலருக்கும் தெரிவதற்குள் அது முடிந்துவிடும்.

பி1 பற்றி ஒன்று மட்டும். சாப்பாடில்லாமல் குடித்துக் கிடந்தவர் தள்ளாடுகிறார், கண் ஆடுகிறது, பேச்சு குழம்புகிறது என்றால் போதை தெளியவில்லை என்று படுக்க வைத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எத்தனை நாளாகக் குடி, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லுங்கள். குளுக்கோஸுக்கு முன்பே அல்லது அதோடு சேர்த்தே தயமின் (அதுதான் பி1) ஊசி போக வேண்டும். தாமதித்தால் ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடலாம். மசக்கை வாந்தி வாரக்கணக்கில் நிற்காத பெண்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

சரி, எல்லா மனநோயும் சத்துக்குறைவுதானா? இல்லை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. மனச்சோர்வில் ஃபோலேட் குறைந்திருந்தால் மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம், அப்போது அதைச் சரிசெய்வது கைகொடுக்கும். அதற்காக மனநோய் மாத்திரையை நிறுத்திவிட்டு வைட்டமினை வாங்கிச் சாப்பிட்டால் நோய் திரும்பிவிடும். வைட்டமினிலும் அளவு மீறக் கூடாது. பி6 அதிகமானால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கால் எரிச்சலைக் கொண்டுவரும். இன்னொன்று, 'சத்து ஊசி' போட்டுக்கொண்ட பிறகு பி12 பார்த்தால் அளவு பொய்யாக உயர்ந்திருக்கும். ரத்தம் கொடுத்துவிட்டு ஊசி போடுங்கள்.

அந்த அம்மாவுக்கு முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று என்று ஊசி போகிறது. ஆறாவது வாரத்தில் தனி அடுப்பை எடுத்துவிட்டார். சந்தேகத்துக்கான மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தினோம். மூட்டுக் கறுப்பு வெளுத்துவிட்டது. ஊசிக்கு அழைத்து வருவது மருமகள்தான். கால் விரல்களில் மட்டும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. பின்வார் வைத்த செருப்பு வாங்கித் தந்திருக்கிறார்கள்.