செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தவர்

இடது கால் செருப்பு நடைபாதையிலேயே கிடந்தது. அதைப் போட்டிருந்தவர் பத்தடி தாண்டிப் போய்விட்டார். பின்னால் வந்த பேத்தி "தாத்தா, செருப்பு!" என்று கத்திய பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார். "வயசாச்சுல்ல, ஞாபகமே இருக்கறதில்ல" என்று சிரித்தபடி வந்து மாட்டிக்கொண்டார். பேத்தியும் சிரித்தாள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். செருப்பு கழன்றதை நமக்குச் சொல்வது ஞாபகசக்தி இல்லை, பாதம். சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் பாத நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக உணர்விழக்கும். எரிச்சல், மதமதப்பு என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் போய்விடுவார்கள். ஒரு தொந்தரவும் இல்லாமல் மரத்துப்போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். கல் குத்தியது தெரியாது, கொப்புளம் உடைந்தது தெரியாது, சாக்ஸில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் புண் இருப்பதே தெரியும். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. வலிக்காது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதைச் செய்துகொள்ளாமலேயே, நல்லது என்று யாரோ சொன்னதற்காகக் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு சுற்றுகிற சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

சிகிச்சை அறையில் இதெல்லாம் என் கண்ணில் படுவதே இல்லை. அங்கே எல்லோரும் நன்றாக நடப்பார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வோம். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழுந்துவிடும் அபாயம் இருக்கலாம் என்று கணக்கு. ஆனால் என் கையில் ஸ்டாப்வாட்சைப் பார்த்ததுமே பலருக்கு முதுகு நிமிர்ந்துவிடும், பரீட்சை எழுத வந்த மாதிரி. உண்மையான நடை பூங்காவில்தான் கிடைக்கிறது.

ஒருவர் தினமும் அரைச் சுற்று நடந்ததும் அறிவிப்புப் பலகை முன்னால் நிற்பார். அதில் எழுதியிருப்பது அவருக்கு எப்போதோ மனப்பாடமாகியிருக்கும். இரண்டு நிமிடம் நின்றுவிட்டு மறுபடி நடப்பார். அடுத்த அரைச் சுற்றில் மீண்டும் நிற்பார், இப்போது கையில் போன் இருக்கும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, சொல்லக் கூச்சம். ஏறக்குறைய ஒரே தூரத்தில் வலி வந்து, சும்மா நின்றாலே விட்டுவிடுகிறது என்றால் கால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும், அதுவும் புகைபிடிக்கிறவர் என்றால். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டால் ஓரளவு தெரிந்துவிடும். காலில் அடைப்பு இருக்கிறவருக்கு இதயத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

அதே பூங்காவில் இன்னொருவரும் இடையிடையே நிற்கிறார். ஆனால் நின்றால் அவருக்குப் போதாது. உட்கார வேண்டும், இல்லையென்றால் எதையாவது பிடித்து முன்னால் குனிய வேண்டும். பேரனின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் நாளில் மட்டும் இரண்டு சுற்று அலுங்காமல் நடந்துவிடுவார். இது பெரும்பாலும் இடுப்பில் தண்டுவடப் பாதை குறுகியதால் வருவது. இருவருமே வீட்டில் சொல்வது "கால் வலி" என்ற ஒரே வார்த்தைதான். எது வந்தால் விடுகிறது, நின்றாலா, குனிந்தாலா? டாக்டரிடம் இதையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

தெருவில் பார்த்தே நோயைக் கண்டுகொண்டவர்களில் ஜேம்ஸ் பார்க்கின்சன் முக்கியமானவர். பிறகு அவர் பெயராலேயே பார்க்கின்சன் நோய் என்று அழைக்கப்பட்ட நடுக்க நோயை இந்த ஆங்கிலேய மருத்துவர் 1817-ல் விவரித்தார். அதில் வரும் ஆறு நோயாளிகளில் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களே அல்ல, தெருவில் கண்ணில் பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கை நடுக்கம் வரட்டும் என்று நாமெல்லாம் காத்திருக்கிறோம். அதற்கு முன்பே ஒரு கை மட்டும் வீச்சு குறைந்து, உடம்போடு ஒட்டினாற்போல் தொங்கலாம். தோள்பட்டை இறுக்கத்தாலும் அப்படி இருக்கலாம், அதனால் பார்த்த உடனே பயப்பட வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முந்தைய வீடியோ எதிலாவது அவர் நடந்து வருகிறாரா என்று தேடிப் பாருங்கள். அதில் இரண்டு கையும் வீசியிருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கூட நடப்பவர்களைத்தான் இதைப் பார்க்கச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஒருமுறை வாய் சும்மா இருக்காமல் சொன்னதற்கு, "உங்க கிளினிக்குக்கு ஆள் சேர்க்கறீங்களா?" என்று கேட்டார் அந்த மனிதர். அவர் கோபம் நியாயம்தான்.

நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டுப் பதில் சொல்கிற பெரியவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். 1997-ல் ஸ்வீடனில் முதியோர் தங்குமிடத்தில் இருந்தவர்களைக் கவனித்தபோது 12 பேர் இப்படி நின்றார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்திருந்தார்கள். நடையும் பேச்சும் ஒன்றாக ஓடவில்லை என்றால், நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிறது என்று அர்த்தம்.

முன்பின் தெரியாதவரிடம் பேசுவதில்லை என்றேனே, போன மாதம் அதை ஒருமுறை மீறினேன். மணலில் விளையாடிக்கொண்டிருந்த பையன், நான்கு ஐந்து வயது இருக்கும். மற்ற பிள்ளைகள் துள்ளி எழ, இவன் குப்புறத் திரும்பி, கையூன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுந்தான். மூன்று வயதுக்குள் கையூன்றி எழுவது சகஜம். இந்த வயதில் இப்படி எழுந்தால் இடுப்பு, தொடைத் தசைகள் பலவீனம் என்று பொருள். காரணம் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் தசைச்சிதைவு நோயா என்று பார்க்காமல் விடக் கூடாது. முதல் கட்டத்துக்கு, தசை சேதமடைகிறதா என்று காட்டும் சிகே (CK) என்ற ரத்தப் பரிசோதனை போதும். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் நடக்கும் காலத்தையாவது நீட்டிக்கலாம்.

அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "பையன் எழுந்திருக்கிற விதத்த ஒரு வீடியோ எடுத்து குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து, "கண்ணா, இன்னொரு தடவ உக்காந்து எழுந்திரு" என்றார். அவனுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. நான்கு தடவை எழுந்து காட்டினான்.