பிரஸ்ஸல்ஸில் பேசினார்களா, முடிவெடுத்தார்களா?

நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறையாவது ஒரு செய்தி தவறாமல் வரும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள், இன்ன நெருக்கடி பற்றி ஆலோசித்தார்கள். பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸில் கூடுவார்கள். ஏப்ரல், ஜூன், அக்டோபர் மாதங்களில் லக்சம்பர்க்கில். தமிழில் இந்தச் செய்தி தப்பாக வருவதுதான் அதிகம். நானே தப்பாகப் போட்டிருக்கிறேன்.

2014 அக்டோபர் 16. விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலில் தொடர்ந்து வைத்திருந்த முடிவுகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் ரத்து செய்தது. 'ஐரோப்பாவில் தடை நீங்கியது' என்று தலைப்புக் கொடுத்தேன். மறுநாள் காலை இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய அண்ணன் ஐரோப்பாவில் இருந்தார். "அண்ணாட கேஸ் இனி நிக்குமோ, போயிடுமோ ஐயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அப்புறம்தான் தீர்ப்பின் சுருக்கத்தை முழுதாகப் படித்தேன். பத்திரிகைகளிலும் இணையத்திலும் வந்த தகவல்களை ஆதாரமாகக் கொண்டது நடைமுறைப் பிழை என்பதுதான் ரத்துக்குக் காரணம். சொத்து முடக்கம் தற்காலிகமாகத் தொடரும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அடுத்த வருடமே அமைச்சர்கள் குழு புலிகளை மறுபடியும் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்க வீண் நம்பிக்கை கொடுத்தது என் தலைப்பு. அதற்குப் பிறகு இந்தச் செய்திகளை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது.

முதலில் பார்ப்பது, யார் பேசுகிறார்கள் என்பதை. கூட்டத்தன்று காலையில் அமைச்சர்கள் ஒவ்வொருவராகக் காரிலிருந்து இறங்கி, உள்ளே போகும் வழியில் மைக் முன்னால் நின்று பேசுவார்கள். ஒருவர் ரஷ்யா மீது இன்னும் கடுமையான தடை வேண்டும் என்பார், அடுத்தவர் பேச்சுவார்த்தை வேண்டும் என்பார். அதெல்லாம் அவரவர் நாட்டின் நிலைப்பாடு, கூட்டமே இன்னும் தொடங்கியிருக்காது. அதை எடுத்து 'ஐரோப்பா எச்சரிக்கை' என்று போட்டுவிடுகிறோம். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் ஒன்றியத்தின் வெளியுறவு உயர் பிரதிநிதி. 2024 டிசம்பரிலிருந்து எஸ்தோனியாவின் முன்னாள் பிரதமர் காயா கல்லாஸ். அவர் சொல்வதும்கூட எப்போதும் 27 உறுப்பு நாடுகளின் குரல் ஆகிவிடாது. சில அறிக்கைகள் ஒன்றியத்தின் சார்பில் வரும், சில அவருடைய சொந்தப் பெயரில் வரும். இரண்டாவது வகை வந்தால், எங்கோ ஒரு நாடு கையெழுத்துப் போட மறுத்திருக்குமோ என்று நான் சந்தேகப்படுவேன்.

2024 பிப்ரவரி 19 அன்று காஸாவின் ராபா பற்றி வந்த அறிக்கை நல்ல உதாரணம். போர்நிறுத்தத்துக்கு இட்டுச்செல்லும் உடனடி மனிதாபிமான இடைநிறுத்தம் வேண்டும் என்றது. அதில் சேர்ந்தவை 26 நாடுகள், ஹங்கேரி சேரவில்லை. ஒரு நாடு குறைந்ததும் அது 'ஐரோப்பிய ஒன்றியம் கோரிக்கை' ஆகாது, '26 நாடுகள் கோரிக்கை' ஆகிவிடும். வெளியுறவுக் கொள்கையில் பெரும்பாலான முடிவுகளுக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்பதால் வருகிற வித்தியாசம் இது.

அந்த ஒருமித்த சம்மதம் எவ்வளவு நாள் இழுக்கும் என்பதை பெலாரஸ் விவகாரத்தில்தான் கண்ணால் பார்த்தேன். 2020 ஆகஸ்ட் 9 தேர்தலில் அதிபர் லுகாஷென்கோ வென்றதாக அறிவித்தார்கள். தலைநகர் மின்ஸ்க் தெருக்களில் மக்கள் இறங்கினார்கள், போலீஸ் அடித்தது. ஆகஸ்ட் 14 அன்றே வெளியுறவு அமைச்சர்கள் காணொலியில் பேசி, தடைக்கான பெயர்ப் பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். மாதக் கடைசியில் பெர்லினில் கூடினார்கள். அது 'ஜிம்னிஷ்' கூட்டம். 1974-இல் ஜெர்மனியில் ஜிம்னிஷ் என்ற கோட்டையில் இப்படி முதலில் கூடியதால் அந்தப் பெயர். மனம் விட்டுப் பேசத்தான் அந்தக் கூட்டம். சட்டப்படி எந்த முடிவும் அங்கே எடுப்பதில்லை. ஆனால் எங்கள் பக்கங்களில் அதுவும் 'முடிவு' என்றே வந்தது.

செப்டம்பர் 21 அன்று எதிர்க்கட்சித் தலைவி ஸ்வெத்லானா சிகானோவ்ஸ்கயா பிரஸ்ஸல்ஸுக்கே வந்து, காலை உணவு வேளையில் அமைச்சர்களைச் சந்தித்தார். அன்றும் தடை வரவில்லை. சைப்ரஸ் ஒப்புக்கொள்ளவில்லை. தன் கடற்பகுதியில் துருக்கி எரிவாயு தேடித் துளையிடுகிறது, அதற்கும் பதில் சொல்லுங்கள் என்றது. சைப்ரஸின் கவலை நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பது லட்சம் பேர் உள்ள ஒரு சின்ன நாட்டுக்கு வேறு எந்த மேசையில் குரல் கிடைக்கும்? ஆனால் மின்ஸ்க் சிறையில் அடி வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கடைசியில் நாடுகளின் தலைவர்களே கூடி, நள்ளிரவு தாண்டிப் பேசி, அக்டோபர் 2 அன்று 40 பேர் மீது தடை வந்தது. முதல் பேச்சிலிருந்து சரியாக ஏழு வாரம். அந்த நாற்பதில் லுகாஷென்கோவின் பெயர் இல்லை, அது நவம்பரில்தான் சேர்ந்தது.

இன்னொன்று, வினைச்சொல். அவர்களுடைய அறிக்கைகளில் ஒவ்வொரு சொல்லையும் பேரம் பேசித்தான் வைக்கிறார்கள். 'கவனத்தில் கொள்கிறோம்' ஒரு படி. 'கவலைப்படுகிறோம்' அதற்கு மேல், 'ஆழ்ந்த கவலை' இன்னும் மேல். 'கண்டிக்கிறோம்' வேறு எடை, 'வன்மையாக' என்று முன்னால் சேர்ந்தால் இன்னும் கூடும். ராஜதந்திரிகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து கட்டிய இந்தப் படிக்கட்டை 'கடும் கண்டனம்' என்ற ஒரே சொல்லால் நாம் தரைமட்டமாக்கிவிடுகிறோம். 'ஆழ்ந்த கவலை'யோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதே சில நாள் பெரிய செய்தி.

அப்புறம், காகிதம். தடை என்பது பேட்டியில் பிறப்பதில்லை. அமைச்சர்கள் குழுவின் முடிவு, அதோடு சேர்ந்த ஒழுங்குமுறை, இரண்டும் ஒன்றியத்தின் அதிகாரபூர்வ இதழில் வெளிவர வேண்டும், நம் அரசிதழ் மாதிரி. அது சட்டமாகக் கட்டுப்படுத்துவது ஒன்றியத்தின் குடிமக்களையும் நிறுவனங்களையும் அதன் எல்லைக்குள் நடப்பதையும்தான்.

2025 ஜூலை 15 ராத்திரி இதையெல்லாம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. ரஷ்யா மீதான 18-வது தடைத் தொகுப்பு பற்றி அமைச்சர்கள் பேசி முடித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த இளம் சகா 'ரஷ்யா மீது புதிய தடை' என்று தட்டச்சு செய்துவிட்டார். ஸ்லோவாக்கியா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ரஷ்ய எரிவாயுவை நிறுத்தும் திட்டத்தால் தனக்கு வரும் நஷ்டத்துக்கு உத்தரவாதம் கேட்கிறது என்று காட்டினேன். 'புதிய தடை: இழுபறி' என்று மாற்றினோம். ஒற்றைப் பத்தி அகலத்தில் அந்தக் கூடுதல் சொல் அடங்கவில்லை, வடிவமைப்பாளர் எழுத்தின் அளவைக் குறைத்து உட்கார வைத்தார். மூன்று நாள் கழித்து, 18-ஆம் தேதி, தொகுப்பு நிறைவேறியது. குஜராத் வாடினாரில் உள்ள நயாரா சுத்திகரிப்பு ஆலையின் பெயரும் அதில் இருந்தது. ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெப்ட்டுக்கு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு. இந்தியச் சட்டப்படி ஆலையை மூட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, ஆனால் கப்பல்கள் வரத் தயங்கலாம் என்று செய்தியின் இரண்டாவது பத்தியிலேயே எழுதினோம். அன்றைக்குத் தலைப்பில் 'தடை' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டோம்.