72 டிகிரி, 15 விநாடி

2024 மார்ச் இறுதியில், அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலக் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் தொற்றியிருப்பது உறுதியானது. மாடுகள் தீனி எடுக்கவில்லை. கறவை குறைந்தது, கறந்த பாலும் சீம்பால் மாதிரி மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. இந்த வைரஸ் மாட்டின் மடியில்தான் அதிகம் பெருகுகிறது. நோயுற்ற மாடுகளின் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் பல செத்துப்போயின.

கொஞ்ச நாளில் கடைப் பாலிலும் வைரஸின் தடயம் தெரிந்தது. 38 மாநிலங்களில் தயாரான 297 பால் பொருட்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில்! பயம் வரத்தான் செய்யும். ஆனால் அது பிசிஆர் சோதனையின் முடிவு. வைரஸின் மரபணுத் துண்டு கிடந்தாலே பிசிஆர் காட்டிவிடும். வைரஸ் செயலோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதை அறிய, பாலைக் கருவுள்ள கோழிமுட்டைக்குள் ஊசியால் செலுத்திப் பார்ப்பார்கள். செயலுள்ள வைரஸ் என்றால் உள்ளே பெருகும். கடைப் பாலில் அப்படி எதுவும் பெருகவில்லை.

காரணம் சூடுதான். கடைப் பாலைச் சூடாக்கிப் பதப்படுத்திய (பாஸ்ச்சுரைசேஷன்) பிறகே விற்கிறார்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களைக் கொண்டுதான் அது நம் செல்லில் ஒட்டுகிறது. சூட்டில் அந்தப் புரதங்கள் உருக்குலைந்துவிடும். அப்புறம் மரபணுத் துண்டு மிஞ்சினாலும் தொற்ற வழியில்லை.

பதப்படுத்தும் இயந்திரத்தையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு இடையே ஓடிச் சூடாகும் பால், 72 டிகிரி செல்சியஸில் ஒரு நீண்ட குழாய்க்குள் நுழைகிறது. அதைக் கடக்கக் குறைந்தது 15 விநாடி ஆகும். குழாயின் முடிவில் வெப்பமானி. சூடு கொஞ்சம் குறைந்தாலும் வால்வு தானாகத் திரும்பி, பாலைப் பழைய தொட்டிக்கே அனுப்பிவிடும். தகட்டில் ஓட்டை விழுந்தால்? பதப்படுத்திய பக்கத்தில் எப்போதும் அழுத்தத்தைக் கூடுதலாக வைத்திருப்பதால், அந்தப் பால்தான் பச்சைப் பால் பக்கம் கசியும். பச்சைப் பால் இந்தப் பக்கம் வராது. இவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் வேளாண் துறையும் இதே முறையில் இயங்கும் சிறிய இயந்திரத்தில் வைரஸ் கலந்த பாலை ஓடவிட்டுப் பார்த்தன. அந்த 15 விநாடிக் குழாயை எட்டும் முன்பே, சூடேறும் கட்டத்திலேயே வைரஸ் செயலிழந்துவிட்டது.

பச்சைப் பால் கதை வேறு. நோய் பரவிய நான்கு மாநிலங்களின் பண்ணைத் தொட்டிகளில் எடுத்த 275 மாதிரிகளில் பாதிக்கு மேல் வைரஸ் மரபணு இருந்தது. அவற்றில் சுமார் கால்வாசியில் தொற்றக்கூடிய வைரஸே இருந்தது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் பயனில்லை. 4 டிகிரி குளிரில் வாரக்கணக்கில் அது தாக்குப்பிடிக்கிறது. 2024 நவம்பரில் கலிஃபோர்னியாக் கடைகளில் விற்ற பச்சைப் பாலிலேயே வைரஸ் தெரிந்து, பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். சத்து அதிகம் என்று நம்பி அதைக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.