மீசை வைத்த முயலும் அதன் வயிறும்

போன மழைக்காலத்தில் ஒரு அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும் கூடையில் ஒரு முயலைக் கொண்டுவந்தார்கள். உடம்பு முழுக்க வெள்ளை. காதில் கொஞ்சம் கறுப்பு, கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல ஒரு கோடு, மூக்குக்குக் கீழே தனியாக ஒரு கறுப்புத் திட்டு. பெயர் மீசை. "நல்லாத்தான் சாப்பிடுறான் டாக்டர், உடம்புதான் தேறவே மாட்டேங்குது. அடிக்கடி வயிறு உப்பிக்குது" என்றார் அம்மா. மகள் ஒரு பாலிதீன் பையை நீட்டினாள். உள்ளே இரண்டு நாள் புழுக்கை. கேட்காமலே அதை எடுத்துவரும் ஆட்கள் குறைவு.

நல்ல முயலின் புழுக்கை கொண்டைக்கடலை போல ஒரே அளவாக, உருண்டையாக, காய்ந்து இருக்கும். பையில் இருந்தவை அப்படியில்லை. சில நிலக்கடலைத் தோடு போல நீண்டு நெளிந்திருந்தன, சில பெரிதாகப் பிசுபிசுவென்று சளி படிந்திருந்தன. எக்ஸ்ரேயில் குடல் வீங்கிக் கிடந்தது. இதற்கு மெகாகோலன் என்று பெயர். பெருங்குடல் சரியாகச் சுருங்கி விரியாமல், உள்ளே போனது தேங்கி நின்றுவிடும். மீசைக்கு இது பிறவியிலேயே வந்தது. அவன் உடம்பு வெள்ளையாக இருப்பதற்கும் குடல் வீங்கியிருப்பதற்கும் காரணம் ஒன்றுதான் என்றதும் அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே போட்டிக்கென்றே வளர்த்த இனம் இங்கிலீஷ் ஸ்பாட். மூக்கில் வண்ணத்துப்பூச்சி வடிவம், கண்ணைச் சுற்றி வளையம், கன்னத்தில் பொட்டு, முதுகில் நீளக் கோடு, விலாவில் சங்கிலியாய்ப் புள்ளிகள் என்று எல்லாம் இடம் பிசகாமல் இருக்க வேண்டும். ஜெர்மனியில் இதே மாதிரிப் புள்ளியைப் பெரிய உடம்பில் கொண்டுவந்தார்கள். செக்கர்டு ஜயன்ட் என்ற இனம் அப்படி வந்தது.

இந்தப் புள்ளிகளை உண்டாக்கும் மரபணு வடிவம் ஒரு முயலிடம் ஒரே ஒரு பிரதி இருந்தால்தான் போட்டிக்கு ஏற்ற அழகான புள்ளி வரும். பிரதியே இல்லாவிட்டால் குட்டி முழு நிறத்தில் இருக்கும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் சேர்ந்துவிட்டால் புள்ளியெல்லாம் தேய்ந்து, காது, கண், மூக்கில் மட்டும் மிச்சம் இருக்கும். மூக்கு வண்ணத்துப்பூச்சி சுருங்கி சார்லி சாப்ளின் மீசையாகிவிடுவதால் இப்படிப்பட்ட முயலை 'சார்லி' என்பார்கள் வளர்ப்பவர்கள். அந்தச் சிறுமி இதெல்லாம் தெரியாமலேயே சரியான பெயரைப் பிடித்திருக்கிறாள்!

அப்படியென்றால் பரிசு வாங்கும் இரண்டு முயல்களை இணை சேர்த்தாலும் எல்லாக் குட்டியும் அதே மாதிரி பிறக்காது. சராசரியாக நாலில் இரண்டு புள்ளி, ஒன்று முழு நிறம், ஒன்று சார்லி.

சார்லிக்கு ஏன் வயிற்றுக் கோளாறு? 2014-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் செக்கர்டு ஜயன்ட் முயல்களில் இந்தப் புள்ளிக்கும் பிறவி மெகாகோலனுக்கும் 'கிட்' என்ற மரபணுவோடு தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். கருவில் நிறமிச் செல்கள் முதுகுப் பக்கமிருந்து தோல் முழுக்கப் பரவ இந்த மரபணு வேண்டும். குடல் இத்தனை நொடிக்கு ஒரு தரம் சுருங்க வேண்டும் என்று தாளம் போடும் செல்கள் வளரவும் அதே மரபணு வேண்டும். அது மந்தமானால் தோலில் நிறம் போகும், குடலில் தாளம் போகும். எல்லா சார்லிக்கும் ஒரே அளவில் நோய் வருவதில்லை. சில நன்றாகவே இருக்கும்.

என்னிடம் வருபவை பெரும்பாலும் கடையில் வாங்கிய கலப்பு முயல்கள், தூய இனமெல்லாம் இல்லை. ஆனால் வெள்ளையில் திட்டுத்திட்டாய் நிறம் சிதறிய கலப்புகளிலும் இதே மரபணு ஓடும். சிவந்த கண்ணும் முழு வெள்ளையுமான நியூசிலாந்து முயலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வேறு மரபணு. முன்பாதி வெள்ளையும் பின்பாதி நிறமுமான டச்சு முயலும் வேறு.

வீட்டில் குட்டி எடுப்பவர்கள் புள்ளி முயலை முழு நிற முயலோடு சேருங்கள். பாதி புள்ளி, பாதி முழு நிறம் வரும், சார்லி வராது. சிலர் இன்னொரு கணக்குப் போடுவார்கள்: சார்லியை முழு நிற முயலோடு சேர்த்தால் எல்லாக் குட்டியும் புள்ளி. கணக்கு சரிதான். ஆனால் அதற்காக வயிறு வலிக்கும் ஒரு முயலைக் கூண்டில் வைத்துக்கொண்டே இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நோயைத் தீர்க்க மருந்து கிடையாது, சமாளிக்கலாம். மீசைக்கு பிஸ்கட்டையும் முட்டைக்கோசையும் நிறுத்தச் சொன்னேன். அருகம்புல், காய்ந்த புல், நிறையத் தண்ணீர். குடலை அசைக்கும் மருந்து தேவைப்படும்போது மட்டும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே தூக்கிவரச் சொன்னேன். அப்புறம், மனிதர்களுக்கு வாங்கிய அமாக்சிசிலினை வாய்வழி ஊற்றிவிடாதீர்கள். முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

மாதக்கணக்கில் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் அந்தச் சிறுமி அம்மா போனிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புகிறாள். செய்தித்தாள் மேல் வரிசையாக அடுக்கிய புழுக்கை, பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம்.