நிழல் கேட்கும் கல்செடி

"கள்ளி மாதிரிதானே தம்பி, வெயில்லயே கெடக்கட்டும்னு வச்சேன்."

வர்ஜீனியாவில் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் எனக்குக் கோடைதோறும் கேட்டுப் பழகிய பேச்சு இது. அந்த அக்கா வீட்டுக் கல்மேடு தெற்குப் பார்த்தது. செடி வெளிறி, இலையோரம் கருகிக் கிடந்தது. அவர் மேல் தப்பில்லை. வாங்கிய கடையில் 'சீடம்' என்கிற சதைப்பற்று இலைச் செடிவகை எல்லாவற்றையும் ஒரே பலகையின் கீழ் அடுக்கி, 'முழு வெயில்' என்று எழுதியிருந்தார்களாம்.

சீடத்தில் பெரும்பாலானவை வெயில் பிரியர்கள்தான். ஆனால் அவர் வாங்கிய சீடம் டெர்னேட்டம், கிழக்கு அமெரிக்கக் காடுகளின் சொந்தச் செடி. அப்பலாச்சியன் மலைப்பக்கம் ஓடையோரப் பாறைகளில் பாசியோடு பாசியாகப் படர்ந்திருக்கும். நம்மூர் ரணகள்ளியின் குடும்பம். இலை சதைப்பற்றாக இருக்கிறதே என்று காயவிட்டால் மட்டும் தாங்காது.

ஓக் மரத்தடியில், காலை வெயில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும் இடத்துக்கு மாற்றினேன். கல் இடுக்கில் இலைமக்கும் பொடிஜல்லியும் கலந்து 4 அங்குலம் நிரப்பினால் போதும், உரம் வேண்டாம். தண்டை விரல் நீளம் கிள்ளி, கீழ் இலைகளை உதிர்த்துப் படுக்க வைத்து, மேலே ஒரு சின்னக் கல். கணு ஈரமண்ணைத் தொட்டதும் வேர் விட்டுவிடும். முதல் வருஷம் மழை பொய்க்கும் வாரங்களில் தண்ணீர் ஊற்றுங்கள், தேங்க விடாதீர்கள். இலையுதிர் காலத்தில் ஓக் சருகு கனமாக மூடினால் அழுகும். கையால் அள்ளுங்கள். சருகை ஊதித் தள்ளும் ப்ளோயர் வைத்தால் மேலோட்டமாக வேர்விட்ட செடியும் சேர்ந்து பறக்கும். (பறந்திருக்கிறது.)

வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். கிழக்காசியாவிலிருந்து வந்த சீடம் சார்மென்டோசத்துக்கும் இலைகள் மூன்று மூன்றாகத்தான் இருக்கும். ஆனால் இலை ஒடுங்கிக் கூர்மையாக, மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கும். பூ மஞ்சள், ஐந்து இதழ். நமக்கு வேண்டிய டெர்னேட்டத்துக்குக் கரண்டி போல உருண்ட இலை. ஏப்ரல், மே வாக்கில் வெள்ளை நட்சத்திரப் பூ, பெரும்பாலும் நான்கு இதழ். மஞ்சள்காரன் தோட்டம் தாண்டிக் காட்டுக்குள்ளும் பரவுபவன். ஒரு வீட்டில் மூன்று வருஷமாகப் பிடுங்குகிறேன், துண்டு விழுந்த இடமெல்லாம் முளைக்கிறது. பிடுங்கியதை மக்குக்குழியில் போட்டுவிடாதீர்கள்; பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.