ஹாட்டரஸ் கடற்கரையில் கார் ஓட்ட பர்மிட் மட்டும் போதாது

அமெரிக்காவில் வட கரோலினாவின் கரையோரம் ஒல்லியான மணல் தீவுகளாக நீண்டு கிடக்கிறது கேப் ஹாட்டரஸ். பாதுகாக்கப்பட்ட தேசியக் கடற்கரை என்றாலும் இங்கே காரை மணலில் இறக்கலாம். தார் ரோடு வருவதற்கு முன் ஊர்க்காரர்களுக்கு மணல்தான் ரோடு. தூண்டில் போடுகிறவர்கள் இன்றும் அப்படித்தான் போகிறார்கள்.

மத்திய அரசு நிலங்களில் இப்படிப்பட்ட வண்டிகள் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று குறித்தாக வேண்டும் என 1972-லேயே அதிபர் நிக்சன் உத்தரவு போட்டார். ஹாட்டரஸில் அது கிடப்பில் கிடந்தது. 2007-ல் வனவிலங்கு அமைப்புகள் வழக்குப் போட்டன. எல்லாத் தரப்பையும் உட்கார வைத்துப் பேசியும் உடன்பாடு வரவில்லை. கடைசியில் தேசியப் பூங்காத் துறையே விதியை எழுதி 2012 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்தது. நாற்பது வருஷம்!

விதியின் அடிப்படை இதுதான்: வண்டிக்கென்று குறித்த பாதையில் மட்டும் ஓட்டலாம். சில பாதைகள் வருஷம் முழுக்க, சில பருவத்துக்கு மட்டும். மற்ற இடங்கள் நடப்பவர்களுக்கு. பர்மிட் வண்டிக்கு வண்டி தனி: 10 நாளுக்கு 50 டாலர், ஒரு வருஷத்துக்கு 120 டாலர். மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

பர்மிட் கையில் இருந்தாலும் நேற்று போன பாதை இன்று மூடியிருக்கலாம். காரணம் பைப்பிங் ப்ளோவர் என்ற சின்னப் பறவை. அதன் குஞ்சு மணல் நிறம். ஆபத்து என்றால் ஓடாது, டயர் தடத்துப் பள்ளத்திலேயே பதுங்கிவிடும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அதனால் கூடு தெரிந்தால் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். ஆமைக் குஞ்சுக்கும் அதே பள்ளம்தான் எமன். ஹெட்லைட் வெளிச்சமும் கடலுக்குப் போகும் வழியைக் குழப்பிவிடும். மே 1 முதல் இரவு 9 மணிக்கு மேல் வண்டி கூடாது என்பது அதனால்தான். செப்டம்பர் நடுவிலிருந்து, ஆமைக் கூடு மிச்சமில்லாத பாதைகளில் இதைத் தளர்த்துவார்கள்.

எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அன்று காலை பூங்காத் துறையின் வரைபடத்தில் பார்ப்பது நல்லது. அப்புறம், மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைக்கச் சொல்கிறார்கள். வேகம் மணிக்கு 15 மைல்தான். காற்றழுத்தமானி, மண்வெட்டி, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை ஆகிய நான்கும் வண்டியில் இருந்தாக வேண்டும். பலகையை மறந்தால் ஜாக்கி மணலுக்குள் போய்விடும், கார் மேலே வராது.